உட்கார்ந்திருக்கும் பறவை

வெளியே கிளம்புவதற்கு முன்னால் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். காலணி போட்டு, கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டி, பையை மடியில் வைத்து, பையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, கதவுக்குப் பக்கத்தில் கிடக்கும் முக்காலியில். குடை முழங்காலில் சாய்ந்திருக்கும். வெயில் காலத்திலும் சாய்ந்திருக்கும். கண் எதிர்ச் சுவரில் உள்ள சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருக்கும். பேப்பரைத் தொடமாட்டார், போனை எடுக்கமாட்டார். யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு ‘உம்’மோடு சரி. நேரம் வந்ததும் எழுந்து கதவைத் திறந்து போவார். தெருவே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு பறக்கும் காலை வேளையில் அவர் ஒருவர்தான் நடந்து போவார்.

“இன்னும் போய்ச் சேரலையா?” என்பாள் மனைவி, அவர் காலைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டே.

“இன்னும் கிளம்பவே இல்ல.”

“உடம்புதான் கிளம்பல. ஆள் எப்பவோ ஆபீஸ் போயாச்சு. காலத் தூக்குங்க.”

தூக்குவார். மடியில் இருக்கும் பை அசையாது.

பேருந்துப் பணிமனையில் அவருக்கு அட்டவணை போடும் வேலை. எந்த வண்டி எப்போது எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும், எந்த ஓட்டுநர் எங்கே இறங்கி எதில் மாறி ஏற வேண்டும் என்பதெல்லாம் அவர் மேசையிலிருந்துதான் புறப்படும். மாடியில் ஒரு நீள அறை. சன்னல் கண்ணாடியில் டீசல் புகை படிந்து படிந்து, வெளியே எப்போதும் சாயங்காலம் மாதிரியே இருக்கும். கணினி வந்த பிறகும் அவர் முதலில் பெரிய தாளில் பென்சிலால்தான் போட்டார். இடமிருந்து வலமாக நேரம், மேலிருந்து கீழாக நிறுத்தங்கள். ஒவ்வொரு வண்டியும் சரிந்து இறங்கும் ஒரு கோடு. அடியைத் தொட்டதும் கோடு உடனே மேலே ஏறிவிடாது. கொஞ்ச தூரம் தரையில் படுத்திருந்துவிட்டுத்தான் ஏறும். அந்தப் படுக்கைக் கோட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் கையிருப்பு. மழை, பஞ்சர், படியில் தடுமாறும் வயசாளி, சில்லறைக்கு நடக்கும் சண்டை, எது வந்தாலும் அந்த நேரம் அதை விழுங்கிக்கொள்ளும். ஒன்றும் வராவிட்டால் ஓட்டுநர் ஒரு டீ குடிக்கலாம்.

மேலதிகாரிகளுக்கு அந்தப் படுக்கைக் கோட்டைக் கண்டாலே எரியும். வண்டி சும்மா நிற்கிறது என்பார்கள். மற்ற எல்லாவற்றிலும் வாயில்லாப் பூச்சியான மனிதர், இதில் மட்டும் இம்மியும் நகரமாட்டார். “சும்மா நிக்கலை சார். காத்துக்கிட்டு நிக்குது” என்பார். ஓட்டுநர்களுக்கு அந்த டீ பிடித்திருந்தது. அதற்காகக் கிண்டல் செய்யாமல் விட முடியுமா? அவருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அஞ்சு நிமிஷம்’. “டேய், அஞ்சு நிமிஷம் வருது, சிகரெட்ட அணை.” “பொறக்கும்போதே அஞ்சு நிமிஷம் உள்ள உக்காந்துட்டுத்தான் வந்திருப்பாரு.” இந்த இரண்டாவதைச் சொன்னது ஒரு நரைத்த மீசை ஓட்டுநர். அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான். அட்டவணைக்காரரோடு ஒட்டிப் பழகியதும் அவர் ஒருவர்தான்.

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு, ஒரு மைக், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன மின்விசிறி. அவர் போடும் அட்டவணையைத்தான் அவள் வாசிக்க வேண்டும். அவர்கள் முதல்முதலாகப் பேசிக்கொண்டதே ஒரு சண்டையில். தாளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, “இத எறும்பு படிக்கிறதுக்கா எழுதினீங்க?” என்று கேட்டாள். மறுநாளிலிருந்து எழுத்து பெரிதாயிற்று. அடுத்த வருஷம் கல்யாணமாயிற்று. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசித் தீர்த்துவிட்டிருந்தார்கள்.

வருஷங்கள் கழித்து மறுபடியும் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். பிறகு இன்னும் பெரிதாக. கதவு நிலைகள் எங்கிருந்தோ வந்து அவள் தோளில் இடித்தன. விளக்குப் போடுகிற நேரமானால் படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒருநாள் கூண்டில் உட்கார்ந்து ஒரு வரி தாண்டி வாசித்துவிட்டாள்; ஒரு கூட்டமே மூட்டை முடிச்சோடு தப்பான நடைமேடைக்கு ஓடியது. அன்று சாயங்காலம் கண் டாக்டரிடம் போனார்கள்.

“சாவித் துவாரம் வழியா பாக்கற மாதிரி” என்றார் டாக்டர். “நடுவுல நல்லாவே தெரியும். சுத்தி ஓரம் உதிர்ந்துக்கிட்டே வரும். மருந்து கிடையாது.”

“எவ்வளவு காலம்?” என்று கேட்டார் அவர்.

“சொல்ல முடியாது. மூணு வருஷம் இருக்கலாம். கூடவும் இருக்கலாம்.”

அவர் தலையாட்டினார். மனசுக்குள் ஒரு கோடு சரிந்து இறங்கி மூன்று வருஷத்தில் அடியைத் தொட்டது. அதிலிருந்து ஒரு வருஷத்தைக் கையிருப்பாகக் கழித்துவிட்டு, இரண்டு வருஷம் என்று வைத்துக்கொண்டார். எதையும் முழுசாக நம்பிப் பழக்கமில்லை அவருக்கு.

பறவை வந்தது அந்த டாக்டரின் காத்திருப்பு அறையில்தான். அடுத்த முறை போனபோது, மேசையில் கிடந்த அட்டை கிழிந்த பத்திரிகை ஒன்றை அவள் மூக்கோடு ஒட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பறவைப் பைத்தியம் உண்டு. கூண்டுக்கு எதிரே தகரக் கூரையில் வந்து உட்காரும் புறாக்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்திருந்தாள். இப்போது அவை பறந்தால் பார்க்க முடிவதில்லை. அந்தத் துவாரத்துக்குள் ஒரு சிறகு வரும், அதை எட்டிப் பிடிப்பதற்குள் வெறும் வானம் இருக்கும். கொஞ்ச நாளாகக் கூரைப் பக்கம் பார்ப்பதையே விட்டிருந்தாள்.

“என்னங்க, இதப் பாருங்க. ஆல்பட்ராஸாம். நடுக்கடல்ல, எங்கயோ ஒரு தீவுக்கூட்டம். இதுங்க அங்க வந்துதான் முட்டையிடுமாம். மனுஷன் பக்கத்துல போனாலும் எந்திரிக்காதாம். அப்படியே உக்காந்து நம்மளையே பாக்குமாம்.”

“சரி.”

“என்ன சரி? மாசக்கணக்கா ஒரே இடத்துல உக்காந்திருக்குமாம்ங்க. எவ்வளவு பெரிசு தெரியுமா? நான் மெதுவா, மூக்குலேர்ந்து ஆரம்பிச்சு வால் வரைக்கும் துண்டு துண்டா பாத்து முடிக்கலாம். அது பாட்டுக்கு உக்காந்திருக்கும். எனக்குன்னே செஞ்ச பறவை.”

அவர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். மண்ணைக் குழைத்துக் கட்டிய ஒரு மேட்டின் மேல், வெள்ளையாக, யாரையோ எதிர்பார்ப்பது போன்ற முகத்தோடு ஒரு பறவை.

“கடைசியா ஒரு தடவ, ஒரு பறவைய முழுசா பாத்துடணும்” என்றாள். அழவெல்லாம் இல்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ஆனால் அவர் அதை எழுதி வைத்தது போல எடுத்துக்கொண்டார்.

பணம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. இரண்டு பேரும் சேர்த்ததில் செலவழிக்க ஆளில்லாமல் கிடந்தது. பிரச்சினை தூரம்தான். அந்தத் தீவுகளுக்கு நேராகப் போக வழியில்லை. முதலில் ஒரு பெரிய விமானம். அங்கிருந்து ஒரு துறைமுக ஊருக்கு, ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரே ஒருமுறை போகும் ஒரு குட்டி விமானம். அங்கிருந்து கப்பல். கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறங்கிக் கரைக்கு. அதுவும் பறவைகள் அடைகாக்கும் பருவத்தில், கடல் இடம் கொடுத்தால் மட்டும். மனைவி வேலையை விட்டுவிட்டிருந்தாள். தினமும் சாயங்காலம் அவர் பணிமனையிலிருந்து ஒரு பெரிய தாளைச் சுருட்டிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரிப்பார். நாலு முனையிலும் நாலு டம்ளர். அவள் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கோடும் எங்கே போகிறது என்று கேட்பாள்.

“இது எது?”

“பெரிய விமானம்.”

“இது படுத்துக் கிடக்கே?”

“கையிருப்பு.”

“அய்யோ, அங்கயுமா? ஏர்போர்ட்ல முக்காலி இருக்கான்னு கேட்டீங்களா?”

அவளுக்குத் தம்பி ஒருவன் உண்டு. இரண்டு தெரு தள்ளிச் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கடை சாத்தியதும் நேரே இங்கேதான் வருவான். வாய் ஓயாது.

“என்ன மாமா, அண்டரண்டப் பட்சி எந்த ஸ்டாப்ல ஏறுது?”

“டேய், சும்மா இரு” என்பாள் அக்கா.

“இல்லக்கா, இவ்வளவு தூரம் போயி ஒரு கோழிய பாக்கறதுக்கு...”

“கோழி இல்லடா. சிறக விரிச்சா இந்த அறை பத்தாது.”

“பெரிய கோழி. சரி மாமா, தீவுல இறங்கறப்ப சட்டைப் பையெல்லாம் உதறிக் காட்டணுமாமே?”

“ஆமா. நம்ம ஊர் விதை எதுவும் அங்க விழுந்து முளைச்சிடக் கூடாது. செருப்போட அடியக் கூட கழுவணும்.”

“அப்ப உங்களை முதல்ல உதறணும். உங்க பையிலேர்ந்து ஒரு அஞ்சு நிமிஷம் கீழ விழுந்து முளைச்சுதுன்னா, அந்தப் பறவை ஜென்மத்துக்கும் எந்திரிக்காது.”

அவரே சிரித்துவிட்டார். அந்த மேசையைச் சுற்றி மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலங்களை ஒரு வாழ்க்கையின் நல்ல பகுதி என்று சொல்ல வேண்டுமானால் சொல்லலாம்.

சிக்கல் அந்தக் குட்டி விமானத்தில் வந்தது. கப்பலுக்கு இடம் போடும் படகு ஆபீஸில் ஒரு பெண் போனில் பேசுவாள். பொறுமைசாலி, இவர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டாலும் மூன்று தடவையும் பதில் சொல்வாள்.

“விமானம் காலையில இறங்கும் சார். கப்பல் அன்னைக்கு மத்தியானம் கிளம்பும். தாராளமா ஏறிடலாம். எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க.”

“அன்னைக்கு மேகமா இருந்தா?”

“விமானம் திரும்பிப் போயிடும். ஆனா அது எப்பவாவதுதான் சார்.”

“எப்பவாவதுன்னா?”

“எப்பவாவதுதான் சார்.”

அடுத்த பருவத்தில் விமானத்தின் நாள் மாறுகிறது, இடையில் சில நாட்கள் கிடைக்கும் என்றும் அவள்தான் சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தார். விமானக் கோடு அடியைத் தொட்ட இடத்திலேயே கப்பல் கோடு ஏறியது. நடுவில் படுக்க இடமே இல்லை. தன் வாழ்நாளில் அப்படி ஒரு கோட்டை அவர் போட்டதில்லை.

“அடுத்த பருவம் போகலாம்” என்றார்.

மைத்துனன் பொங்கிவிட்டான். “என்ன மாமா விளையாடறீங்களா? ஓடிப் புடிச்சிடலாம் மாமா. நான் வர்றேன், அக்காவ தூக்கிக்கிட்டு ஓடறேன்.”

“ஓடிப் புடிக்க அது பஸ் இல்ல மச்சான். கப்பல விட்டுட்டா அடுத்த கப்பல் கிடையாது. அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயி, கரையில நின்னு கப்பலோட பின்பக்கத்தையா காட்டறது? டாக்டர் மூணு வருஷம்னார். நான் ரெண்டுன்னுதான் வச்சிருக்கேன். அடுத்த பருவம்னா அதுக்குள்ளதான் வருது. கணக்கு இடிக்கல.”

“கணக்கு இடிக்காது மாமா. கதவுதான் இடிக்குது அக்காவ.”

மனைவி டம்ளரைத் தேடி மேசை விளிம்போடு விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். கிடைத்ததும், “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

அந்த ஒரு வருஷத்தை வீணாக்கக் கூடாது என்று அவர் ஒத்திகை வைத்தார். பணிமனையிலிருந்து ஒரு பழைய டயரை உருட்டிக் கொண்டுவந்து, குடியிருப்பின் மொட்டை மாடியில் போட்டார். அது கூடு. அதன் மேல் ஒரு வெள்ளைத் தலையணை. அது பறவை. தீவில் பறவையிடமிருந்து ஒரு அறையின் அகலம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு தூரம் அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அந்தக் கோட்டில் நின்று தலையணையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டயர் வேறு இடத்தில் இருக்கும். நரைத்த மீசை ஓட்டுநர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “மேஸ்திரி, இதுக்கும் அட்டவணை உண்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மைத்துனன் டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இரண்டு மரக் கரண்டிகளைத் தட்டுவான். ஜோடி சேர்ந்தால் அந்தப் பறவைகள் அலகோடு அலகைத் தட்டிக்கொள்ளும் என்று பத்திரிகையில் போட்டிருந்ததாம்.

“இதுக்குத்தான் என்னைப் பெத்து வளத்தாங்க” என்பான்.

“சத்தம் போடாதடா. சத்தத்த வச்சு கண்டுபிடிச்சா அது ஏமாத்து.”

முதல் சில வாரங்களில் தலையணை சட்டென்று அகப்பட்டது. அவள் மோவாயைக் கொஞ்சம் தூக்கி, தரையின் இடது ஓரத்திலிருந்து மெல்லப் பெருக்குவது போலப் பார்வையை நகர்த்துவாள். டயர் வந்ததும் நிற்பாள். பிறகு மேலே ஏறுவாள். “கழுத்து வந்துடுச்சு... தையல்... ஒரு மூலையில பஞ்சு வெளிய வந்திருக்கு பாருங்க. பாவம், இறகு உதிருது.” கீழ் வீட்டுக்காரர் படிக்கட்டில் தலையை நீட்டி, “என்னங்க சத்தம்?” என்றால், “பறவை வந்திருக்கு” என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்வார்கள்.

பிறகு கொஞ்சம் நேரமெடுத்தது. பிறகு நிறைய நேரமெடுத்தது. மைத்துனன் கரண்டிகளைத் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா கையில் வைத்துக்கொண்டிருப்பான். அவர், வெளிச்சம் சரியில்லை என்பார். தலையணை உறையைத் துவைக்க வேண்டும் என்பார். புது உறை வாங்கிவந்தார். கண்ணைக் கூசும் வெள்ளை. கப்பலுக்கு முன்பதிவும் செய்தாயிற்று. பருவம் வர இன்னும் சில மாதங்கள்தான். கோடுகள் எல்லாம் அதனதன் இடத்தில் படுத்து எழுந்து ஒழுங்காக இருந்தன.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைத்துனன் கடையில் வேலையென்று வரவில்லை. அவள் கோட்டில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

“கெடச்சிடுச்சு” என்றாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது மாடியின் வெறும் மூலையை. அங்கே ஈரம் பட்டுப் பளபளத்த சிமெண்ட்டைத் தவிர ஒன்றும் இல்லை. தலையணை அவளுக்கு வலது பக்கம், ஒரு அறையின் அகலம் தள்ளி இருந்தது.

“இன்னைக்கு நல்லாத் தெரியுதுங்க. வாங்க, கிட்டப் போய்ப் பாக்கறேன்” என்று அந்த மூலையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

அவர் காலணியைக் கழற்றினார். வெறுங்காலோடு ஓடிப் போய்த் தலையணையை எடுத்து, சுவர் ஓரமாகச் சுற்றி ஓடி, அவள் போய்ச் சேருவதற்குள் அந்த மூலையில் வைத்தார். தன் வாழ்க்கையில் அவர் ஓடியது அன்றைக்கு ஒருநாள்தான். அவள் குனிந்து, கையால் துழாவி, தலையணையைத் தொட்டாள். தடவிக்கொடுத்தாள். கீழே டயர் இல்லை என்பதைக் கை சொல்லியிருக்கும். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“நனைஞ்சிருக்கு” என்றாள்.

“மழை” என்றார் அவர், மூச்சு வாங்காமலிருக்க முயன்றபடி.

மறுநாள் டாக்டரிடம் போனார்கள். நடுவிலும் வீக்கம் வந்துவிட்டது, அந்தத் துவாரமும் மூடிக்கொண்டுவிட்டது என்றார் டாக்டர். சிலருக்கு இப்படி ஆகும் என்றார்.

“மூணு வருஷம்னு சொன்னீங்க” என்றார் அவர்.

“இருக்கலாம்னு சொன்னேன்.”

“நான் ஒரு வருஷம் கழிச்சுத்தான் வச்சிருந்தேன்.”

டாக்டருக்கு அது புரியவில்லை. அவரும் விளக்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நிறுத்தத்தில் அவர் போட்ட அட்டவணைப்படியே பேருந்து வந்தது. ஏறினார்கள்.

முன்பதிவை ரத்து செய்யப் படகு ஆபீஸுக்குப் போன் செய்தார். அதே பெண்தான். காரணத்தைக் கேட்டாள். பிறகு, “சார், நீங்க போன பருவம் வரணும்னு இருந்தீங்கல்ல, அப்ப...” என்று ஆரம்பித்தாள். அவர் போனை வைத்துவிட்டார். யார் பேச்சையும் பாதியில் வெட்டாத மனிதர். அந்த வாக்கியத்தின் மிச்சத்தைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. அது என்னவாக இருக்கும் என்று அவரே முடித்துவைத்துக்கொண்டார்.

வீட்டில் அவள், “போனாப் போகுது விடுங்க. அது எங்க போயிடப் போகுது, உக்காந்துக்கிட்டுத்தான் இருக்கும்” என்றாள். அவர் தாளைச் சுருட்டிப் பரணில் போட்டார். போன வருஷமே போயிருக்கலாம் என்ற ஒரு வாக்கியம் அவர் தொண்டையில் வந்து நின்றது. அவள் அதைச் சொல்லக் காத்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார். ஒவ்வொரு சாயங்காலமும் நினைத்தார். அவள் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. விழுங்கிக்கொண்டு, டீ போட்டு, அவள் விரல்களைப் பிடித்து டம்ளரில் வைத்தார்.

பணிமனையில்தான் அது வெளியே வந்தது. அடுத்த அட்டவணையில் அவர் கையிருப்பை எடுத்துவிட்டார். ஒரு தடத்தில் இல்லை, எல்லாத் தடங்களிலும். கோடுகள் அடியைத் தொட்ட கையோடு மேலேறின. மேலதிகாரிகள் முதலில் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஒரு மழைக்கு எல்லாம் தலைகீழாயிற்று. ஒரு வண்டி தாமதமானால் அடுத்தது, அதற்கடுத்தது. நிறுத்தங்களில் ஜனம் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் முகத்தோடு நின்றது. ஓட்டுநர்கள் ஒன்றுக்குப் போகவும் நேரமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள்.

நரைத்த மீசை ஓட்டுநர் மாடிக்கு வந்தார். “அஞ்சு நிமிஷம் எங்கய்யா போச்சு?”

“அது இருந்து என்ன ஆச்சு?” என்றார் அவர். தாளிலிருந்து நிமிரவில்லை.

சொல்லிப் பார்த்தார்கள், எழுதிக் கேட்டார்கள். அவர் ஒரு கோட்டைக்கூடப் படுக்க வைக்க மறுத்துவிட்டார். கடைசியில் அவரைக் கீழே, பேருந்துகளில் தவறவிட்ட பொருள்களை வைத்திருக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. குடைகள், ஒற்றைக் கையுறைகள், யாருடையதோ பல் செட், சக்கரம் கழன்ற பொம்மைக் கார். தேடிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. ஓய்வு பெறும்வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஓய்வுக்குப் பிறகும் காலையில் காலணி போட்டு, பையை மடியில் வைத்து, முக்காலியில் உட்காருவார். நேரம் வந்தால் எழுந்து, காலணியைக் கழற்றி வைப்பார். அவள் பெருக்குவதில்லை இப்போது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவரைக் கடக்கும்போது, முழங்கால் தட்டுப்பட்டால், “இருக்கீங்களா?” என்று கேட்பாள்.

“இருக்கேன்.”

அப்படிச் சில வருஷங்கள். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். போய்விட்டார். மைத்துனன் அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மொட்டை மாடியில் டயர் அப்படியே கிடந்தது. அடுத்து குடிவந்தவர்கள் அதில் ஒரு பூச்செடி வைத்தார்கள், அது பிடிக்கவில்லை.

துக்கம் விசாரிக்க நரைத்த மீசை ஓட்டுநர் மைத்துனனின் கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். அந்தத் தவறவிட்ட பொருள் அறையில் ஒருநாள், யாருடைய குடையையோ விரித்துப் பார்த்து மடித்துக்கொண்டே அவர் சொன்னாராம்: “நான் கையிருப்பு வச்சதால அவளுக்குப் பறவ இல்லாமப் போச்சு. ஓடியிருந்தா பாத்திருப்பா.”

மைத்துனன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். அவர் மனசில் அது கிடந்தது என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் வாயைத் திறந்திருப்பான், சத்தியத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு.

அவர் பயணத்தைத் தள்ளிப்போட்ட அந்தப் பருவத்தின் தொடக்கத்தில், அக்கா அவனுடைய கடைக்குத் தனியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். படகு ஆபீஸுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். அவருக்குத் தெரியாமல் இரண்டு பேருக்கும் இடம் போட்டுவிட்டு, பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்பது அவள் எண்ணம். அந்தப் பெண் சொன்ன பதிலை மைத்துனனும் கேட்டான். அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். “இத அவர்கிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுடா” என்றாள். “இப்படி ஒண்ணு நடக்கும்னு தெரிஞ்சா அதுக்கும் ஒரு கையிருப்பு வச்சுடுவார். அப்புறம் நாங்க எந்த வருஷமும் போக மாட்டோம்.”

அந்தப் பெண் சொன்னது இதுதான்: பறவைகளிடையே ஏதோ காய்ச்சல் பரவியிருந்ததால், அந்தப் பருவம் முழுக்க அந்தத் தீவுகளில் ஒரு படகும் ஆள் இறக்காது.